நாக்கு எடை

மந்திரம் எழுதுகிறவன் என்று சொன்னால் அவனைப் பார்த்த யாரும் நம்ப மாட்டார்கள். இடுப்பில் ஸ்பானர் பை, நகக்கண்ணில் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கிரீஸ், சட்டைப் பையில் ஒரு டெஸ்டர். லிப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களில் நீங்கள் மூச்சு வாங்காமல் மேலே போகிறீர்கள் என்றால் அது அவன் கை பட்டதால்தான். ஆனால் அவன் முகம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. லிப்ட் ஓடுகிறவரை மெக்கானிக்கை யார் நினைக்கிறார்கள்? நின்றுபோனால்தான் திட்டுவதற்கு ஆள் தேடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆகிவிட்டால் இந்த ஆளே வேறு. குளித்து, தலைவாரி, மனைவியையும் கூட்டிக்கொண்டு ஜெராக்ஸ் கடையின் பின் அறைக்குப் போய்விடுவான். காகிதக் கட்டுகள் கூரை வரை அடுக்கியிருக்கும் அந்த அறையில், குடல் பிடுங்கப்பட்ட ஒரு பழைய ஜெராக்ஸ் மெஷின் மேல் பலகை போட்டு மேசையாக்கியிருந்தார்கள். மேசையைச் சுற்றி நாலு பேர். கடைக்காரர், கணக்கு டீச்சர், இவன், இவன் மனைவி.

விளையாட்டு இதுதான். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் இறங்குவார்கள். காடு, கோட்டை, பாழுங்கிணறு எல்லாம் வாயாலேயே முளைக்கும். கிணற்றில் குதிக்கப்போகிறேன் என்று ஒருவர் சொன்னால், பகடையை உருட்டி, தப்பித்தாரா காலை உடைத்துக்கொண்டாரா என்று பார்ப்பார்கள். கதையை நடத்துகிறவன் நம் மெக்கானிக். கடைக்காரர் திருடன். கணக்கு டீச்சர் வாள்வீராங்கனை. வகுப்பில் அடிக்க முடியாததை எல்லாம் இங்கே அடித்துத் தீர்த்துக்கொள்வார். மனைவி மந்திரக்காரி. அவள் வேடத்தின் பெயர் தீக்குச்சி. ஒல்லியாக இருப்பாளாம், சட்டென்று பற்றிக்கொள்வாளாம். நிஜத்திலும் ஏறக்குறைய அப்படித்தான்.

கடையில் வாங்கிய விதிப் புத்தகத்திலும் மந்திரங்கள் இருந்தன. தீயை எறியலாம், பறக்கலாம், ஆளை மயக்கலாம். ஆனால் எல்லாம் உப்புச் சப்பில்லாதவை. பகடையை உருட்டு, எண்ணைப் பார், அடுத்த ஆள். இதற்கு வீட்டில் உட்கார்ந்து பட்டாணி உரிக்கலாம் என்று தோன்றியது அவனுக்கு. அதனால் தானே எழுத ஆரம்பித்தான்.

அவனுக்குத் தெரிந்தது லிப்ட். லிப்ட்டை மேலே இழுப்பது மோட்டார் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். மோட்டார் சும்மா ஒரு தள்ளு தள்ளுகிறது, அவ்வளவுதான். கயிற்றின் மறுமுனையில், சுவருக்குள் யார் கண்ணுக்கும் படாமல், ஒரு பெரிய இரும்புக் கட்டு தொங்குகிறது. எதிர் எடை. கூண்டு ஏறினால் அது இறங்கும், கூண்டு இறங்கினால் அது ஏறும். மந்திரத்துக்கும் இப்படி ஒன்று தொங்க வேண்டும் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். ஒவ்வொரு அட்டையிலும் முதலில் மந்திரம் என்ன தரும் என்று எழுதுவான், அடுத்து என்ன எடுக்கும் என்று.

கடைக்காரர், அவர் புத்தி எங்கே போகும், எதையும் இரண்டாக்கும் மந்திரம் கேட்டார். எழுதிக் கொடுத்தான். நகல் கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு நகலுக்கும் அசலும் எடுத்த நகல்களும் கொஞ்சம் மங்கும். பேராசையில் அவர் ஒரு வைரக் கிரீடத்தை நகலெடுத்துக்கொண்டே போக, கடைசியில் அறை நிறையக் கிரீடம் இருந்தது, ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. "டோனர் தீந்துபோச்சு" என்று டீச்சர் சொல்ல, அன்று ஆட்டம் அதோடு கலைந்தது.

எழுதியதையெல்லாம் முதலில் உடைத்துப் பார்ப்பவள் மனைவி. ஒரு தடவை, தொட்ட பொருளின் எடையைக் கொஞ்ச நேரம் இல்லாமல் செய்யும் மந்திரம் ஒன்றை எழுதிக்கொண்டு சமையலறைக்குப் போனான். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பொருளத் தொட்டா எடை போயிடும், சரி. எதிரியத் தொட்டா?"

"அவனும் லேசாயிடுவான்."

"அந்த நேரம் பாத்து காத்தடிச்சா?"

அவன் அட்டையைத் திருப்பிப் பார்த்தான்.

"சின்ன மந்திரம்னு சொல்லிப் பெரிய மந்திரத்த விக்கப் பாக்கறீங்க. போங்க, போய் வேற எழுதிட்டு வாங்க."

நாக்கு எடையும் அவள் யோசனைதான். "காயிதத்துல சக்தி குறைஞ்சா யாருக்குங்க வலிக்குது? சொல்றவளுக்குக் கொஞ்சமாவது கஷ்டம் இருக்கணும்" என்றாள் ஒரு நாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மந்திரத்துக்கும் அவன் ஒரு வரி எழுதினான். ஆடுகிறவர் அந்த வரியை மேசையில் வாய்விட்டு, ஒரே மூச்சில், ஒரு எழுத்தும் பிசகாமல் சொல்ல வேண்டும். மந்திரத்தின் பலம் கூடக் கூட வரி நாக்கைப் போட்டு முறுக்கும், அதுதான் நாக்கு எடை. விளக்கேற்றுவதற்கு "திரியே திற, தீயே தா" போதும், பச்சைப் பிள்ளை கூடச் சொல்லிவிடும். ஒரு கோட்டைக் கதவை அடைக்க வேண்டும் என்றால் "தாழே தாழ், தாளே தளர், தாழாத தலையும் தாழ." லகரத்துக்கு இவ்வளவு, ளகரத்துக்கு இவ்வளவு என்று மனசுக்குள் ஒரு தராசு வைத்திருந்தான். எல்லாவற்றிலும் கனமானது ழகரம். நாக்கு பிசகினால் மந்திரம் பலிக்காது. பலித்ததா இல்லையா என்று சொல்ல வேண்டியவன் கதையை நடத்துகிறவன். "பலிச்சுது" என்றால் பலித்தது, "பலிக்கல" என்றால் இல்லை. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

கடைக்காரர் நாக்கு ழகரத்தைக் கண்டாலே படுத்துக்கொள்ளும். டீச்சர் பாதி வழியில் சிரித்துவிடுவார். அவள்தான் ராணி. கண் மருத்துவமனையில் முன்மேசை வேலை அவளுக்கு. நாளெல்லாம் நோயாளிகளின் பெயர்களைக் கூப்பிடுகிற வாய். காது மந்தமான கிழவர் கூட அவள் குரலுக்குத் திரும்பிப் பார்ப்பார். அவளுக்காகவே ஒரு பெரிய மந்திரம் எழுதினான். செத்தவரை எழுப்பும் மந்திரம். "அழலுள் விழுந்த நிழலே, நிழலுள் விழுந்த அழலே, விழுந்ததை எழுப்பு, எழுந்ததை விழுங்கு." எழுதியவனுக்கே வராத வரி அது. அவள் முதல் தடவை அதைச் சொல்லி முடித்தபோது கடைக்காரர் கையிலிருந்த பகடையைக் கீழே வைத்துவிட்டார். "பலிச்சுது" என்று சொல்லவே அவன் மறந்துபோனான். "என்னங்க, வாயப் பாத்துக்கிட்டே இருக்கீங்க, தீர்ப்பச் சொல்லுங்க" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகு, ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்னால், அவன் மறுபடியும் அவள்மேல் விழுந்தடித்துக் காதலானான். வெட்கம் கெட்டவன், அதை எல்லாரிடமும் சொல்லவும் செய்தான்.

அந்த நாக்கின் ஓரத்தில்தான் புண் வந்தது.

முதலில் பல் கூராக இருக்கிறது, அது உரசுகிறது என்றார்கள். பல்லைத் தேய்த்துவிட்டார்கள். புண் ஆறவில்லை. "எல்லாம் உங்க ழகரம்தான், நாக்கக் கிழிச்சிடுச்சு" என்று அவள் கேலி பண்ணினாள், அவனும் சிரித்தான். பிறகு சதையைக் கொஞ்சம் கிள்ளி எடுத்துச் சோதித்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கேலியை அவள் சொல்லவில்லை. ஆனால் அவன் மனசுக்குள் அது போய் உட்கார்ந்துகொண்டது. அப்படியெல்லாம் வராது என்று டாக்டர் சொல்லியும், லிப்ட் குழிக்குள் தனியாக நிற்கும்போதெல்லாம், நான் எழுதிய வரிதானோ என்று அவனுக்குத் தோன்றும். முட்டாள்தனம்தான். துக்கத்துக்கு மூளை எங்கே இருக்கிறது?

பாதி நாக்கை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் பேச்சில் உதட்டால் சொல்கிற எழுத்துகள் மட்டும் முழுசாக நின்றன. ப, ம, வ. மற்றவை எல்லாம் ஒன்றோடொன்று குழைந்துபோயின. ழகரம் யகரமாகிவிட்டது. நாக்கை மடிக்க நுனி வேண்டுமே, நுனிக்கு எங்கே போவாள்? மருத்துவமனையில் அவளை முன்மேசையிலிருந்து கோப்பு அறைக்கு மாற்றினார்கள். பெயர்களை இப்போது வேறொரு பெண் கூப்பிட்டாள். அவனுக்கு மட்டும் அவள் சொல்வது முக்கால்வாசி புரிந்தது. மிச்சத்தை அவள் செல்போனில் தட்டிக் காட்டுவாள்.

கடினமானது எதையும் மென்று விழுங்க முடியாது. அதனால் வீட்டில் எப்போதும் வாழைப்பழம் இருந்தது. மசித்துக் கொடுப்பான். பசித்தால் அவள் "பயம்" என்பாள். பழம் என்று அர்த்தம். முதல் தடவை இருவரும் விழித்தார்கள், பிறகு சிரித்தார்கள். "எவ்ளோ பயம் வேணும்? ஒண்ணா ரெண்டா?" என்று அவன் கேட்பான். அவள் விரலைக் காட்டுவாள். அந்த வீட்டில் அது ஒரு வார்த்தையாகவே ஆகிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு மட்டும் அவள் வரவில்லை. இத்தனைக்கும் கதை அவள் முறையில்தான் நின்றிருந்தது. ஆபரேஷனுக்கு முந்தின வாரம், பாழுங்கிணற்றின் அடியில் டீச்சரின் வாள்வீராங்கனை செத்து விழுந்தாள். எழுப்ப வேண்டியவள் தீக்குச்சி. அதோடு நிறுத்தியிருந்தார்கள். அவளுக்குப் பதிலாக வேறு யாரும் பகடையைத் தொடவில்லை. டீச்சர் ஞாயிறு தவறாமல் வந்து, செத்த பிணமாகவே உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போனார். "நா ஒண்ணும் அவசரத்துல இல்ல, அவங்க வரட்டும். செத்தவளுக்கு என்ன வேலை இருக்கு?" என்றார்.

எப்படியாவது அவளை மேசைக்குக் கூட்டி வந்துவிட வேண்டும் என்று அவன் துடித்தான். அங்கேதான் தப்புப் பண்ணினான். மந்திரம் எழுதுகிற ஒருவன் மட்டுமே பண்ணக்கூடிய தப்பு. செத்தவரை எழுப்பும் மந்திரத்துக்குப் புது அட்டை ஒன்று எழுதினான். தருவதெல்லாம் பழைய மாதிரியே. வரியை மட்டும் மாற்றினான். நாக்கே தேவைப்படாத வரி, முழுக்க உதட்டு எழுத்து. "அம்மா, வாம்மா. அப்பா, வாப்பா. போவோம், வா." எழுதிவிட்டுத் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு, துணி மடித்துக்கொண்டிருந்தவள் முன்னால் நீட்டினான்.

அவள் படித்தாள். ஒரு தடவை உதட்டை அசைத்துப் பார்த்தாள். சுத்தமாக வந்தது. வந்ததுதான் வினை.

"குயந்தைக்கா?" என்றாள்.

குழந்தைக்கா என்று கேட்கிறாள். அவனுக்குச் சுருக்கென்றது. "இல்லம்மா, உனக்குச் சொல்ல வசதியா..."

அவள் செல்போனை எடுத்துத் தட்டி அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். 'செத்தவள எழுப்பற மந்திரத்துக்கு நாக்கு எடை எங்க? தூக்கறது மட்டும்தான் இருக்கு, தொங்கறது எங்க? இத டீச்சர் கேட்டாங்கன்னா குடுப்பீங்களா?'

"கஷ்டப்பட்டது போதும்னு நெனச்சேன்."

'மேசைல யாரு கஷ்டப்படறது? தீக்குச்சியா, நானா? தீக்குச்சி மேல எதுக்குப் பாவப்படறீங்க?' அட்டையை மடித்த துணிகளுக்கு நடுவில் செருகிவிட்டு அவள் பாட்டுக்கு மடிக்க ஆரம்பித்தாள். கண் கலங்கியிருந்தது. கோபத்தில்தான்.

மறுநாள் ஒரு கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் நின்றுகொண்டிருந்தபோது அவனுக்கு விளங்கியது. பிரேக் விட்டால் லிப்ட் கீழே விழும் என்றுதான் எல்லாரும் பயப்படுவார்கள். ஆளில்லாத கூண்டு கீழே விழாது. எதிர் எடை கனமாக இருப்பதால் விர்ரென்று மேலே போய் உச்சியில் இடிக்கும். பாவப்பட்டு இவன் எழுதிய அட்டையும் அதைத்தான் செய்தது. அவளை ஆளே இல்லாத கூண்டாக நினைத்து எழுதியிருக்கிறான். கிரீஸ் கையோடு தலையில் அடித்துக்கொண்டான்.

ஆனால் சரியான அட்டையை உடனே எழுதிவிட முடியவில்லை. அதற்குள் ஆஸ்பத்திரியில் மறுபரிசோதனை நாள் வந்துவிட்டது.

முந்தின நாள் மத்தியானம் அவள் ஜன்னல் பக்கம் நின்றிருந்தாள். தெருவில் யாரோ சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தான். அவள் திரும்பாமலே "பயம்" என்றாள்.

"இதோ" என்று எழுந்தான். இரண்டு பழத்தை உரித்து, கட்டியில்லாமல் மசித்து, கிண்ணத்தில் கொண்டு வந்து கொடுத்தான். அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு வாங்கி, ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, வழித்து வழித்து முழுவதையும் சாப்பிட்டாள். நல்லா இருக்கா என்று கேட்டான். தலையாட்டினாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே கூப்பிடப் போகிற நேரம். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, முன்னால் இருந்த சுவரைப் பார்த்தபடி, "பயம்" என்றாள்.

அங்கே பழம் இல்லை. கொண்டு வரவும் இல்லை. அவள் விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன. நேற்று மத்தியானமும் அவள் இதையேதான் சொன்னாள் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பயமாக இருக்கிறது என்று சொன்னவளுக்கு வாழைப்பழத்தை மசித்துக் கொடுத்திருக்கிறான். அவளும் அவன் மனசு நோகக்கூடாது என்று சாப்பிட்டிருக்கிறாள். நல்லா இருக்கா என்று வேறு கேட்டிருக்கிறான், மடையன். அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டான். "எனக்கும்தான், எனக்கும்தாம்மா" என்றான். வேறு என்ன சொல்ல?

திரும்ப வந்திருக்கிறது என்றார் டாக்டர். இப்போது கழுத்தில். மருந்து ஏற்றிப் பார்க்கலாம், ஆனால் அது நாளைத் தள்ளிப்போடுவதற்குத்தான் என்று நாகரிகமாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் தட்டிக் காட்டிய முதல் வாக்கியம் இது. 'மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கெழம நா ஆடணும். டீச்சர் எவ்ளோ நாள் பொணமா இருப்பாங்க? அட்டைய ஒழுங்கா எழுதுங்க.'

எழுதினான். இந்தத் தடவை மனசுக்குள் இருந்த பழைய தராசைத் தூக்கிப் போட்டான். அது முழு நாக்குக்கான தராசு. இப்போதைய அவள் நாக்குக்கு எது என்ன கனம் என்று புதிதாக நிறுத்தான். பழைய பெரிய வரியில் ழகரம் வரிசை கட்டி நின்றது. இன்றைக்கு அவளுக்கு ஒரே ஒரு ழகரம் அந்த வரி முழுவதற்கும் சமம். அப்படியானால் ஒன்று போதும். வரி இதுதான்: "வா. வாழ்."

எடுப்பது என்ன என்பதையும் ஒளிக்காமல் எழுதினான். பலித்தால் செத்தவள் எழுவாள். பலிக்காவிட்டால் சொன்னவளும் அவள் பக்கத்திலேயே விழுவாள்.

அவள் அட்டையை நெடுநேரம் வைத்துப் பார்த்தாள். உடைக்க வழி தேடுகிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. பழைய மாதிரி புருவத்தைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். கடைசியில் அட்டையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சிரித்தாள். ஓட்டை இல்லை.

அன்றிலிருந்து அவள் பயிற்சி எடுத்தாள். குளியலறையில், அடுப்படியில், துணி காயப்போடும்போது. கதவுக்கு இந்தப் பக்கம் அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். வா, வாய். வா, வாய். வா, வால். பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மாள், அந்த எழுத்து இனி வராது, வீணாக அலட்டிக்கொள்ள வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். ஒரு காலையில் பாத்திரம் கழுவுகிற சத்தத்துக்கு நடுவே அது வந்தது. வந்த மாதிரி இருந்தது. அவன் ஓடிப்போய்ப் பார்த்தான். அவள் குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு அவனைப் பார்த்தாள். கேட்டுதா என்று கண்ணால் கேட்டாள். கேட்டது என்றுதான் அவன் நினைத்தான். தண்ணீர்ச் சத்தத்தில் சத்தியம் பண்ண முடியவில்லை. மறுபடியும் சொல்லிப் பார்த்தாள். வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின் அறையில் கடைக்காரர் மெஷின்களை எல்லாம் அணைத்துவிட்டிருந்தார். மேசையைத் துடைத்து, அவள் உட்காருகிற நாற்காலிக்குப் புதிதாக ஒரு மெத்தை வாங்கிப் போட்டிருந்தார். "வாங்கக்கா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். டீச்சர் அவள் கையைப் பிடித்து, "கெணத்துக்குள்ள ரொம்பக் குளுரும்மா, சீக்கிரம் எழுப்பு" என்றார்.

அவன் கதையை விட்ட இடத்திலிருந்து எடுத்தான். கிணற்றின் அடி. முழங்கால் ஆழத் தண்ணீர். மேலே வட்டமாக ஒரு துண்டு வானம். வாள்வீராங்கனை பாசிமேல் கிடக்கிறாள். தீக்குச்சி மண்டியிட்டு உட்காருகிறாள். அட்டையை எல்லாரும் கேட்கப் படித்தான். எடுப்பது என்ன என்பதையும் படித்தான். கடைக்காரர் முகம் மாறியது. "அண்ணே, இது தேவையா?" என்றார் மெதுவாக. அவள் அவரைக் கையமர்த்தினாள்.

எழுந்து நின்றாள். பழைய வழக்கம், பெரிய மந்திரத்தை உட்கார்ந்துகொண்டு சொல்ல மாட்டாள். இரண்டு கையையும் மேசைமேல் ஊன்றி, மூச்சை இழுத்தாள்.

"வா" என்றாள். கணீரென்று வந்தது. நோயாளிகளைக் கூப்பிடுகிற அதே குரல்.

"வாய்."



"வந்துச்சு!" என்றார் கடைக்காரர். "எனக்குக் கேட்டுச்சு, பலிச்சிருச்சு, டீச்சர், எழுந்திரிங்க!" அவர் குரல் உடைந்திருந்தது. டீச்சர் எழவில்லை. தலையைக் குனிந்து பகடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் காது இருக்கிறது.

அவள் யாரையும் பார்க்கவில்லை. அவனை மட்டும் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் உயிரோடு இருப்பாள், டீச்சரும் எழுவார், எல்லாரும் கைதட்டுவார்கள். அந்த வார்த்தையைச் சொல்ல அவன் எவ்வளவு ஆசைப்பட்டான் என்று சொல்லி மாளாது. ஆனால் அவள் அந்தச் சமையலறைப் பார்வையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எங்கே ஓட்டை விடுகிறான் என்று தேடுகிற பார்வை. வாழ்நாள் முழுக்க அவளிடம் ஒரு மட்டமான மந்திரத்தையும் அவனால் விற்க முடிந்ததில்லை.

"பலிக்கல" என்றான்.

அவள் நிதானமாக மூச்சை விட்டாள். தலையாட்டினாள். தீக்குச்சிக்காக மேசையில் நிறுத்தியிருந்த மரக்காயை எடுத்து, டீச்சரின் காய்க்குப் பக்கத்தில், கிணற்றுத் தண்ணீர் சில்லென்று இருக்குமோ என்பது போல மெதுவாகப் படுக்க வைத்தாள்.

கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசையைப் பார்த்தார். "இப்ப ரெண்டு பொணத்த வச்சிக்கிட்டு நா மட்டும் கெணத்துக்குள்ள என்ன பண்றது?" என்றார், நிஜமான கவலையோடு.

அவள் சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அப்படி அவள் சிரித்ததில்லை. வாயைப் பொத்தாமல், எச்சில் வழிவதைப் பற்றிக் கவலைப்படாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டீச்சரும் சிரித்து, சிரித்தபடியே அழுதார். அவன் எழுந்து வெளியே போய், கடை வாசலில் நின்று, வந்து போகிற வண்டிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

பஸ்ஸில் வரும்போது அவள் செல்போனை நீட்டினாள். 'பலிச்சுதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா உங்களோட வீட்டுக்கு வந்திருக்க மாட்டேன்.'

"எங்க போயிருப்ப?" என்று கேட்டான்.

அவள் யோசித்தாள். செல்போனைப் பைக்குள் போட்டாள். அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.

மருந்து ஏற்றினார்கள். அது கொஞ்ச நாளைத் தள்ளிப்போட்டது, டாக்டர் சொன்ன மாதிரியே. மழை ஆரம்பித்தபோது அவள் மறுபடியும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாள். பேச்சு முழுவதும் நின்றிருந்தது. செல்போனைப் பிடிக்கக் கையில் வலு இல்லை. பிறகு கண்ணும் திறக்கவில்லை. கேட்கும், பேசிக்கொண்டிருங்கள் என்று நர்ஸ் சொன்னார். அவனுக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. அந்த ஆஸ்பத்திரி லிப்ட்டின் கதவு சரியாக மூடவில்லை, ரோலர் தேய்ந்திருக்கிறது என்று அவளிடம் சொன்னான். கடைக்காரர் இன்னும் கிணற்றிலிருந்து ஏறவில்லை என்றும் சொன்னான்.

கதையை நடத்துகிறவன் மந்திரம் சொல்லக்கூடாது. எழுதுவது மட்டும்தான் அவன் வேலை, சொல்வது ஆடுகிறவர்கள் வேலை. அத்தனை வருஷத்தில் ஒரு வரியைக் கூட அவன் மேசையில் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அன்று மத்தியானம் அவள் மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி விழ ஆரம்பித்தபோது அவன் எழுந்து நின்றான். கட்டில் கம்பியில் இரண்டு கையையும் ஊன்றினான். விதிப்படி வாய்விட்டு, ஒரே மூச்சில், "வா. வாழ்" என்றான். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாக்கு நன்றாக மடிந்து, ழகரம் ஒரு குறையும் இல்லாமல் வந்தது.

மேசையில் காத்திருப்பது போலக் காத்திருந்தான். அடுத்த மூச்சு வரவில்லை. நர்ஸ் வந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், பிறகு அவன் முகத்தைப் பார்த்தார். எப்படிச் சொல்வது என்று அவர் தயங்கினார்.

தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் அவன்தானே.

"பலிக்கல" என்றான் அவளிடம்.